கரிசல் காட்டில் ஒரு கூடாரம்

மல்லாங்கிணற்றில் சித்திரை பிறந்துவிட்டால் பகல் பதினொரு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடும். வேப்பமரத்து நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். திண்ணை நிழலில் கிழவர்கள் படுத்திருப்பார்கள். ஊரைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவசரக் காரியம் உள்ளவன்கூட வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்துவிடுவான்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் அப்படியொரு உச்சிவேளையில் ஒரு மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. சைக்கிளில் ஒரு துணிப்பை. அதில் சின்னஞ்சிறு புத்தகங்கள். ஒவ்வொரு சுவிசேஷத்தையும் தனித்தனியாக அச்சடித்துக் காலணா, அரையணாப் புத்தகம்போல் விற்பார்களே, அவைதாம். எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஆண்டவர் உங்களை..." என்று ஆரம்பித்தார்.

என் அப்பத்தா அவரை முடிக்க விடவில்லை. "இருக்கட்டும் உபதேசியாரே, முதல்ல இந்த மோரைக் குடிங்க. சாமி எங்க ஓடிப் போகப் போகுது?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். இரண்டு செம்பு மோர் குடித்தார், கொஞ்சம் பேசினார், ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் வெயிலில் இறங்கி அடுத்த ஊருக்குப் போனார். அப்பத்தா அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, மாரியம்மன் கோயில் திருநீறு இருந்த மாடத்தில் வைத்தாள்.

"இவரு ஏன் அப்பத்தா வீட்டிலே இருக்கமாட்டேங்கிறாரு?" என்று கேட்டேன்.

"அவருக்கு உள்ளே ஏதோ ஓடுது. உக்கார முடியலே" என்றாள்.

அந்த வார்த்தை வெகுகாலம் என் மனத்தில் தங்கியிருந்தது. பக்தி என்றால் மனம் அடங்குவது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடங்காமல் ஓடச் செய்வதும் பக்திதானா? அல்லது அது வேறு ஏதோ அவஸ்தையா? இந்தக் கேள்விக்கு எங்கள் சுற்றுவட்டாரச் சரித்திரத்திலேயே ஒரு மனிதர் பதிலாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்களாயின. அவர் பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு. 1858-இல் சிவகாசியில் இறந்துபோன ஆங்கிலப் பாதிரியார்.

அவர் காலமான மூன்றாம் ஆண்டில், அவர் படிப்பித்த கல்லூரியைச் சேர்ந்த பெரோன் என்பவர் அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை நான் படித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது ராக்லண்டின் பக்தி அல்ல. ஒவ்வொரு நல்ல நாற்காலியிலிருந்தும் அவர் எழுந்து வந்த விதந்தான்.

1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். லிவர்ப்பூலில் மாமாவின் வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதினார். அங்கேயே இருந்திருந்தால் வியாபாரியாகியிருப்பார். இருபது வயதைத் தாண்டிய பிறகு அதை விட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். 1841-இல் கணிதப் பரீட்சையில் சர்வகலாசாலையிலேயே நான்காவதாகத் தேறினார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் ஃபெல்லோக்களில் ஒருவராக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பதவி என்றால் ஆயுளுக்கும் சோற்றுக் கவலை இல்லை, புத்தகங்கள் உண்டு, புல்வெளி உண்டு, மரியாதை உண்டு. 1845-இல் அதையும் விட்டு, சர்ச் மிஷன் சங்கத்தின் ஊழியராக இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜிலிருந்து இப்படி வந்தவர்களில் அவர் முதல்வர் அல்லர். 1801-இல் அதே பரீட்சையில் முதலாவதாகத் தேறிய ஹென்றி மார்ட்டின், 1806-இல் கல்கத்தா வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் பெயர்த்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் 1812-இல் துருக்கி நாட்டுத் தோக்காட்டில் முப்பத்தொரு வயதில் மாண்டார். கணக்கில் கெட்டிக்காரர்கள் இப்படி லாப நஷ்டக் கணக்குப் பார்க்காமல் கிளம்பிவிட்டது விந்தைதான்.

சென்னையில் ராக்லண்டுக்குக் கிடைத்தது மறுபடியும் ஒரு நாற்காலி. தென்னிந்திய மிஷன் வேலைகளை மேற்பார்க்கும் கமிட்டிக்கு அவர் காரியதரிசி. கடிதம் எழுதுவது, கணக்குச் சரிபார்ப்பது, சண்டைகளைத் தீர்ப்பது. லிவர்ப்பூலில் பழகிய வேலை இங்கே உதவியது. ஆனால் காரியதரிசி என்ற முறையில் திருநெல்வேலிச் சீமைக்குப் போய் வந்தபோது அவர் ஒன்றைக் கண்டார்.

திருநெல்வேலியின் தெற்குப் பகுதியில் கிறிஸ்தவம் வேரூன்றிவிட்டது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலிருந்தே பனங்காட்டு ஊர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ், இடையன்குடியில் கால்டுவெல் என்று ஆங்காங்கே கோயிலும் பள்ளிக்கூடமும் எழும்பிக்கொண்டிருந்தன. வடக்கே சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கரிசல் சீமையிலோ ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்தும் கிறிஸ்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அதற்கும் வடகிழக்கே, எங்கள் ஊர் இருக்கும் அருப்புக்கோட்டைப் பக்கம், 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனுக்குச் சேர்ந்தது. அவர்கள் மண்டபசாலையில் இடம் பிடித்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே கிடந்த வடதிருநெல்வேலியைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை.

தெற்குக்கும் வடக்குக்கும் ஏன் இந்த வித்தியாசம்? தெற்கே பனையேறிப் பிழைத்தவனுக்கு, நிலக்காரனிடமிருந்தும் வரிக்காரனிடமிருந்தும் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. மிஷனரி அந்த ஆளாக இருந்தார். மிஷன் நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தது. வடக்கே நிலைமை வேறு. சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டை போட்டு வியாபாரம் செய்துவந்த நாடார்களுக்கு உறவின்முறை என்ற சொந்தக் கட்டுக்கோப்பு இருந்தது. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பொதுக் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்டார்கள். நாயக்கர், ரெட்டியார், மறவர் ஊர்களுக்கும் தத்தம் குலதெய்வமும் பழைய அதிகாரமும் இருந்தன. வெளியிலிருந்து ஒரு துணை வரவேண்டும் என்று அங்கே யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

யாரும் கூப்பிடாத அந்த இடந்தான் ராக்லண்டை இழுத்தது. பெரிய பங்களா கட்டி உட்கார்ந்துகொண்டால் சுற்றியுள்ள நாலு ஊரோடு வேலை நின்றுவிடும். ஆகவே வீடே வேண்டாம், கூடாரம் போதும், ஒரு கிராமத்தையும் விடாமல் போகவேண்டும் என்று அவர் திட்டம் வகுத்தார். 1854-இல் அந்தச் சஞ்சார ஊழியம் தொடங்கியது. டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் அவருடன் சேர்ந்தார்கள். ஃபென்னின் தகப்பனார் கோட்டயத்தில் மிஷனரியாக இருந்தவர்.

சரித்திரப் புத்தகங்கள் இந்த மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மூன்று வெள்ளைக்காரர்கள் தங்கள் புத்தகத் தமிழை வைத்துக்கொண்டு ஆயிரம் ஊர்களில் என்ன செய்துவிட முடியும்? தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசிமார்களை முறைவைத்து அனுப்பின. ஒருவர் ஒரு மாதம் கூடாரத்தோடு இருந்து ஊர் ஊராகப் போவார், பிறகு தம் ஊருக்குத் திரும்புவார், அடுத்தவர் வருவார். அவர்கள் செலவுக்குத் தெற்கத்திக் கிறிஸ்தவர்களே காணிக்கை கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு உபதேசம் கேட்டவர்கள் இப்போது தங்கள் கைக்காசைப் போட்டு உபதேசம் செய்யக் கிளம்பிவிட்டார்கள் என்பது சாதாரண விஷயமல்ல. தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து பழகிய அந்தக் கால்கள் கரிசலின் வெடிப்புகளில் நடந்தன. கூடாரத்துச் சரித்திரத்தில் பெரும்பாதி அந்தக் கால்களுடையது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதம், எழுதிக்கொண்டிருந்த நாவல் நடுவழியில் நின்றுபோனபோது, நானும் உட்கார முடியாமல் அந்த வழியில் கிளம்பினேன். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர், விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. பஸ் ஜன்னலில் அடித்த காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் இருந்தது. இருபுறமும் சீமைக் கருவேலம். அதற்கப்பால் பட்டாசுத் தொழிற்சாலைகளின் சின்னச் சின்னக் கொட்டகைகள், ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றுக்குப் பரவாதபடி தள்ளித் தள்ளிக் கட்டியவை. ராக்லண்டு பார்த்த சீமையில் இவை எதுவும் இல்லை. தீப்பெட்டித் தொழிலே இங்கு 1923-இல்தான் வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா வரை போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கியது அது. இந்த மண்ணுக்கு உட்கார முடியாதவர்கள் புதிதல்ல போலும்.

அவர் பார்த்தது பருத்தி, சோளம், கம்பு, வெயில், மாட்டு வண்டித் தடம். திருநெல்வேலி வரை ரயில் வந்தது 1876-இல். அவருக்கு அது கிடைக்கவில்லை. கூடாரத் துணிக்குள் சித்திரை, வைகாசிப் பகல் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கட்டு வீட்டுக்குள்ளேயே சுவர் சுடும் ஊர் இது.

அந்தக் கூடாரத்தைப் பார்த்த ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அந்தக் காலத்தில் கிராமத்து எல்லையில் வெள்ளைக்காரன் கூடாரம் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான்: கலெக்டர் முகாம், ஜமாபந்தி, வரி. இவரோ வரி கேட்கவில்லை, நிலம் அளக்கவில்லை, வழக்கும் விசாரிக்கவில்லை. சாயங்காலம் ஆலமரத்தடியில் நின்று, கணக்குப்பிள்ளையின் கடுதாசி நடையில் ஒரு தெய்வத்தைப் பற்றிப் பேசினார். மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நிச்சயம் சிலர் சிரித்திருப்பார்கள், சிலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். 1857-இல் வடக்கே சிப்பாய்கள் கலகம் செய்து அதிகாரம் ஆட்டங்கண்ட வருஷத்திலும் இந்தக் கூடார வாழ்வு கைவிடப்படவில்லை. யாரோ ஒரு கிழவி மோர் கொடுத்திருப்பாள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் கண்ட பலன் மிகச் சொற்பம். காரணம் வெளிப்படை. தெற்கே மிஷனரியின் கையில் நிலம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கோர்ட்டில் பேச வாய் இருந்தது. இவர் கையில் வெறும் வார்த்தைதான் இருந்தது. லாபம் எதையும் காட்டாமல், கேட்பவன் மனச்சாட்சியை மட்டும் நம்பிப் பேசினார். அப்படிப் பேசுகிறவனுக்குக் கூட்டம் சேராது; ஆனால் ஏமாந்தோம் என்று யாரும் பின்னால் வருந்தவும் இடமிராது. மதம் மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. என் அப்பத்தாவின் மாரியம்மனை அஞ்ஞானம் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபந்தான் வரும். ராக்லண்டும் அப்படித்தான் நினைத்தார். அதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும், கையில் எதையும் வைத்துக்கொண்டு ஆசை காட்டாத அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

அவருக்கு நெஞ்சு நோய் இருந்தது. சென்னையிலேயே உடம்பு கெட்டுவிட்டது. வைத்தியர் எந்த நோயாளிக்கும் ஓய்வைத்தான் சொல்வார். இவர் எடுத்துக்கொண்டதோ கூடாரம். இது பக்தியா, பிடிவாதமா, அல்லது நாள் குறைவு என்று தெரிந்தவனின் பரபரப்பா? மூன்றையும் பிரித்தறிவது கஷ்டம். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் திடீரென்று நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்தது; சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்தது. வயது நாற்பத்து மூன்று. அந்தப் பிரயாணத்தின்போது எனக்கும் அதே வயது. சிவகாசி பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, நின்றுபோன என் நாவல் ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவருக்குப் பிறகு வேலை நிற்கவில்லை. ஆனால் கூடாரமாகவே இருந்துவிடவும் இல்லை. சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் என்ற குடியிருப்பு எழுந்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன. சஞ்சாரமாகத் தொடங்கியது கடைசியில் ஓர் ஊராக உட்கார்ந்துவிட்டது. இதைத் தோல்வி என்பதா, பலன் என்பதா? இந்தக் கேள்வியை என்னைவிட ஆழமாக நினைத்துப் பார்த்த ஒரு பெண்மணி உண்டு. ராக்லண்டின் வாழ்க்கையை 1922-இல் மறுபடியும் எழுதிய ஏமி கார்மைக்கேல் அவர்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த அவருக்கும் ஆரம்பத்தில் உட்கார முடியாத நோய்தான். 1893-இல் ஜப்பானுக்குப் போனார்; அங்கே உடம்பு ஒத்துக்கொள்ளாமல் 1894-இல் இலங்கைக்கு வந்தார்; ஊர் திரும்பினார்; 1895-இல் பெங்களூர் வந்தார்; அங்கேயும் மனம் பொருந்தாமல் 1896 கடைசியில் திருநெல்வேலி வந்துசேர்ந்தார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களைத் துணைசேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியிலும் கூடாரத்திலும் கிராமம் கிராமமாகச் சுற்றினார். பெண்கள் கூட்டமாக இப்படிப் போவது அந்நாளில் அதிசயம். ராக்லண்டின் அதே வழிதான்.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப் போகிறார்கள் என்று பயந்து, தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். பின்னர் இன்னும் குழந்தைகள் வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினம் ஓர் ஊர் போக முடியாது. பாலுக்கு நேரம் பார்க்கவேண்டும். தூங்க இடம் வேண்டும். அதுவரை யார் சொல்லியும் நிற்காத வண்டி டோனாவூரில் நின்றது. 1951-இல் இறக்கும்வரை அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அப்படி இருபது வருஷங்களுக்கு மேல் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான், கடைசிவரை உட்காராத ராக்லண்டின் கதையை எழுதினார். தாம் விட்டுவந்த பாதையை அவர் திரும்பிப் பார்த்தாரோ என்னவோ.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தவர் இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மல்லாங்கிணற்றுக்கு அதிக தூரமில்லாத திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பையன். மிஷனரிகள் கட்டிய பள்ளிக்கூடந்தான். ஆனால் அந்தப் பையனுக்குக் கேட்ட அழைப்பு அருணாசலத்திலிருந்து வந்தது. 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அண்ணன் காலேஜில் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறினான். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவன், ரமண மகரிஷியாக 1950-இல் மறையும்வரை அந்த மலையடிவாரத்தை விட்டு நகரவே இல்லை. அவர் ரயிலேறிய அதே வருஷக் கடைசியில்தான் ஏமி அம்மையார் திருநெல்வேலிக்கு வந்து இறங்கினார்.

ஒருவர் ஒரே ஒரு பிரயாணம் செய்து அமர்ந்துவிட்டார். ஒருவர் பாதி ஆயுள் அலைந்து, ஒரு குழந்தைக்காக நின்றார். ஒருவர் நிற்க இடமில்லாமல் நடுவழியில் விழுந்தார். அப்பத்தா சொன்னாளே, உள்ளே ஏதோ ஓடுகிறது என்று, அது மூவருக்கும் ஓடியது. அது ஓடுவதாலேயே ஒருவன் பக்தன் ஆகிவிடமாட்டான். ஊர் சுற்றிக்கும் ஓடும், என்னைப்போல் எழுத உட்காராதவனுக்கும் ஓடும். அந்த ஓட்டம் தன்னை விட்டு வெளியே எங்கேயாவது போய்ச் சேர்கிறதா, வேறொருவருக்குப் பயன்படுகிறதா என்பதில்தான் வித்தியாசம். ராக்லண்டுக்கு அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க ஆயுள் இல்லை. பார்க்காமலே நடந்தார் என்பதைத்தான் விசுவாசம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதையெல்லாம் புத்தகங்களைப் புரட்டி நான் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்னாலேயே என் அப்பத்தா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஒரு தை மாதம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மாடத்தைக் காலி செய்தபோது, அந்தச் சின்னப் புத்தகம் கையில் அகப்பட்டது. வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. "இது எதுக்கு அப்பத்தா? பழைய பேப்பரோடு போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கி முந்தானையால் தூசி தட்டினாள்.

"வேண்டாம்யா. அந்த வெயில்லே சுமந்துக்கிட்டு வந்து குடுத்தது" என்றாள்.

வெள்ளையடித்து முடிந்ததும் அது பழையபடி திருநீற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.